தெருவை உள்ளே அழைத்த சிஸ்டர்

விலங்கியலில் டாக்டர் பட்டம் பெற்ற ஓர் ஐரிஷ் கன்னியாஸ்திரி கொல்கத்தா கான்வென்ட் ஒன்றில் 32 ஆண்டுகள் நடத்திய சோதனை இது. மாட்டுங்காவும் செம்பூரும் தாராவியும் அதில் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

மும்பையில் தமிழ் ஒலிக்கும் இடங்கள் பல. மூன்றைச் சொன்னால் போதும், ஊர் புரிந்துவிடும். முதலாவது மாட்டுங்கா. கோயில், பூக்கடை, வாழையிலை, பில்டர் காபி எல்லாம் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியே கிடைக்கும். 1932-ல் இங்கே உருவான தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளி, கல்லூரி என்று வளர்ந்து நிற்கிறது. இரண்டாவது செம்பூர். உத்தியோகத்துக்கு வந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட குடும்பங்களின் பேட்டை. மூன்றாவது தாராவி. தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே குடியேறிய இடம்.

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் இரண்டு இடத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிப்பது அபூர்வம். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்தி வந்திருக்கிறது. தாராவிப் பிள்ளைகளில் பலருக்கு அதுவே கதி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணப் பள்ளி. தாய்மொழி ஒன்றுதான். பள்ளி மணிதான் வேறு வேறு.

நல்ல பள்ளி ஒன்று ஏழைகளின் நடுவே இருந்தால், அக்கம்பக்கத்துக்கு அது என்ன செய்ய வேண்டும்? தீபாவளிக்குப் பழைய துணி, ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகம், ஆண்டு விழாவில் ஒரு காசோலை. நாடு முழுக்க வழக்கமான பதில் இதுதான். கொல்கத்தாவின் சியால்டா ரயில் நிலையத்தை அடுத்த ஒரு கான்வென்ட்டின் தலைமை ஆசிரியை வேறு பதில் சொன்னார். பேச்சாக அல்ல, பள்ளிக்கூட டைம்டேபிளாக. அவர் பெயர் சிஸ்டர் சிரில் மூனி.

லக்னோவில் ஒரு விலங்கியல் மாணவி

அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்தில் ப்ரே என்ற கடற்கரை ஊரில் 1936-ல் பிறந்தவர் ஜோசபின் மூனி. லொரேட்டோ சபையில் சேர்ந்து சிரில் என்ற பெயரை ஏற்றார். 1956-ல் கப்பலேறி இந்தியா வந்தபோது வயது இருபது. அதன்பின் இந்த நாடே அவருடைய ஊர்.

லொரேட்டோ சபைக்கு இந்தியா புதிதல்ல. அயர்லாந்திலிருந்து முதல் சகோதரிகள் கல்கத்தாவில் இறங்கியது 1841-ன் கடைசியில். பெண்கள் படிப்பதே விவாதத்துக்குரிய விஷயமாக இருந்த காலம் அது. அடுத்த நூறாண்டுகளில் அவர்கள் வங்காளம், டார்ஜிலிங், லக்னோ என்று பள்ளிகள் திறந்தார்கள். நல்ல பள்ளிகள் என்று பெயரும் எடுத்தார்கள். பெயர் வளர வளரக் கூடவே இன்னொன்றும் நடந்தது. 'கான்வென்ட்' என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் சகோதரிகளின் மடம் என்ற அர்த்தம் மறைந்து, இங்கிலீஷ், ஷூ, டை, பீஸ் என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டது.

சிஸ்டர் சிரில் முதலில் அனுப்பப்பட்ட இடம் லக்னோ. அங்கே ஆசிரியையாகப் பணிபுரிந்தார். லக்னோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்து விலங்கியலில் டாக்டர் பட்டமும் பெற்றார். அந்தப் படிப்பு அவரை ஆய்வுக்கூடத்திலேயே உட்கார வைத்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. ஆனால் விலங்கியல் கற்றுத் தரும் பால பாடம் ஒன்று அவருடைய பிற்காலப் பணி முழுவதிலும் தெரிகிறது: ஓர் உயிரை அது வாழும் இடத்தோடு சேர்த்துப் பார்க்காமல் புரிந்துகொள்ள முடியாது.

1979-ல் லொரேட்டோ டே ஸ்கூல், சியால்டா என்ற பள்ளியின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1857-ல் தொடங்கிய பள்ளி. இருக்கும் சாலைக்கு இன்று விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் பெயர். சியால்டா நிலையமோ, 1947-க்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் மாதக்கணக்கில் பிளாட்பாரத்திலேயே குடும்பம் நடத்திய இடம். அந்த அலை ஓய்ந்த பிறகும் நடைபாதை காலியாகவில்லை. பாலித்தீன் கூரைக்கு அடியில் சமையல், பொது நல்லியில் குளியல். பள்ளியின் கேட்டுக்கு உள்ளே இஸ்திரி போட்ட யூனிபாரம்.

அப்போது பள்ளியில் படித்தவர்கள் 790 பேர். அவர்களில் ஏழைகள் 90 பேர்.

இரண்டு கன்னியாஸ்திரிகள், ஒரு கதவு

இதே சபையில், இதே நகரத்தில், சிரிலுக்கு முன்னால் இன்னோர் ஆசிரியை இருந்தார். சியால்டாவிலிருந்து அதிக தூரமில்லாத என்டாலியில் லொரேட்டோ சபை வளாகத்துப் பள்ளியில் பாடம் நடத்தி, தலைமை ஆசிரியையாகவும் ஆனவர். மதிலுக்கு அப்பால் இருந்த சேரி அவரை உறுத்தியது. 1948-ல் சபையை விட்டு வெளியேறி, நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவையோடு தெருவில் இறங்கினார். அவர்தான் அன்னை தெரசா.

சிஸ்டர் சிரிலுக்கும் அதே மதில், அதே உறுத்தல். ஆனால் அவர் வெளியே போகவில்லை. கதவைத் திறந்து தெருவை உள்ளே அழைத்தார்.

இரண்டும் ஒன்றல்ல. அன்னை தெரசாவின் வழியில் பள்ளி பழையபடியே நடக்கும். தெருவுக்குத் தனியாக ஒரு சேவை நடக்கும். சிரிலின் வழியில் பள்ளியே மாறியாக வேண்டும். பெஞ்சு, டைம்டேபிள், பீஸ் கணக்கு, மதிப்பெண் பட்டியல், பெற்றோரின் மனசு எல்லாமே. அதனால்தான் அவர் செய்தது கஷ்டமான காரியம். அதனால்தான் மற்ற பள்ளிகளும் கவனிக்க வேண்டிய காரியம்.

முதல் வேலையாக, கட்டணம் கட்டாத மாணவிகளின் எண்ணிக்கையை ஆண்டுக்கு ஆண்டு உயர்த்தினார். கட்டணம் செலுத்துவோரின் பணமும் நன்கொடையாளர்களின் உதவியும் சேர்ந்து மற்றவர்களின் செலவைத் தாங்கின. 1990-களின் இறுதியில் மாணவிகளின் எண்ணிக்கை சுமார் 1,400. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் கட்டணம் கட்டாதவர்கள். தொண்ணூறு பேர் எழுநூறு பேர் ஆனார்கள். கேட்டுக்குள் வந்தபின் எல்லோருக்கும் ஒரே யூனிபாரம், ஒரே வகுப்பு. முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்று பிள்ளைகளை வரிசைப்படுத்தும் போட்டிக்கும் அங்கே இடம் குறைந்தது. டியூஷன் வைக்க வசதி உள்ள வீட்டுப் பெண்ணையும், மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கும் பெண்ணையும் ஒரே ஓட்டப்பந்தயத்தில் நிறுத்தி, யார் முதலில் வந்தது என்று பார்ப்பதில் நியாயம் ஏது?

மொட்டை மாடியில் வானவில்

சேரிப் பெண்ணுக்குக் குறைந்தபட்சம் ஒரு வீடு உண்டு. காலையில் அனுப்பி வைக்க ஒரு தாய் உண்டு. பிளாட்பாரத்துப் பெண்ணை என்ன செய்வது? வயது ஒன்பது இருக்கும்; ஓர் எழுத்துத் தெரியாது. காலையில் காகிதம் பொறுக்கப் போவாள். தம்பியை இடுப்பில் சுமப்பாள். ஒரு வாரம் வருவாள், மறுவாரம் காணாமல் போவாள். அவளை ஒன்றாம் வகுப்பில் ஆறு வயதுக் குழந்தைகளுடன் உட்கார வைத்தால் கூச்சத்தில் ஓடிவிடுவாள். நான்காம் வகுப்பில் உட்கார வைத்தால் ஒன்றும் புரியாமல் ஓடிவிடுவாள்.

நம் வகுப்பறை எல்லோரும் ஒரே நாளில் தொடங்கி, ஒரே வேகத்தில் போய், ஒரே நாளில் முடிக்க வேண்டிய ரயில் பயணம். நடுவில் இறங்கியவருக்கு மறுபடி ஏற வழியில்லை. தெருப் பிள்ளையின் வாழ்க்கையோ இறங்குவதும் ஏறுவதுமாகவே இருக்கிறது.

1985-ல் சிஸ்டர் சிரில் தொடங்கிய 'ரெயின்போ' திட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கத்தான். இடம், பள்ளியின் மொட்டை மாடியில் அமைந்த கூடம். தெருப் பிள்ளைகள் எப்போது வர முடியுமோ அப்போது வரலாம். போக வேண்டுமென்றால் போகலாம். வந்த பிள்ளைக்கு எதிரே ஓர் ஆசிரியை உட்காருவார். ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியை. போன முறை எந்த எழுத்தில் நின்றதோ அங்கிருந்து பாடம் தொடரும். பத்து நாள் வராமல் போனாலும் வகுப்பு அவளை விட்டுவிட்டு முன்னேறியிருக்காது, ஏனென்றால் அந்த வகுப்பே அவள் ஒருத்திதான்.

இத்தனை ஆசிரியைகளுக்கு எங்கே போவது? அங்கேதான் அந்த விலங்கியல் ஆசிரியை சாமர்த்தியம் காட்டினார். ஆசிரியைகள் கீழ்த்தளத்திலேயே இருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகள்! மேற்கு வங்கப் பாடத்திட்டத்தில் 'வேலைக் கல்வி' என்று ஒரு பாடம் உண்டு. பல பள்ளிகளில் அந்தப் பீரியட் பொம்மை தைப்பதிலும் அட்டைப்பெட்டி செய்வதிலும் கழியும். சியால்டாவில் அந்த நேரத்தில் மாணவிகள் மாடியேறினார்கள், பாடம் சொல்லிக் கொடுக்க.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து முதல் பத்து வரை ஆறு வகுப்புகள். வகுப்புக்கு 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு வாரம் இரண்டு பீரியட் என்றால் மொத்தம் 1,200 பீரியட். ஓர் ஆசிரியை வாரம் 30 பீரியட் எடுப்பார் என்றால், இது 40 ஆசிரியைகளின் உழைப்புக்குச் சமம். சம்பளச் செலவு இல்லை. புதுக் கட்டடம் இல்லை. பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. நம் பள்ளிகளின் பெரிய செல்வம் எது என்று கேட்டால் கட்டடம், மைதானம், லேப் என்று சொல்வோம். சிஸ்டர் கண்டுபிடித்த செல்வம், யாரும் கணக்கில் சேர்க்காத பிள்ளைகளின் நேரம்.

எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் ஓரளவு வந்தபின், ரெயின்போ பெண்கள் தங்கள் வயதுக்கேற்ற வகுப்பில், அருகிலுள்ள பள்ளிகளில் அல்லது அதே லொரேட்டோவில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் இன்னொரு பிரச்சினை இருந்தது. மாலை ஐந்து மணிக்குப் பள்ளியை விட்டுப் போகும் பெண் எங்கே தூங்குவாள்? இருட்டியபின் நடைபாதை ஒரு சிறுமிக்கு எப்படிப்பட்ட இடம் என்று விளக்க வேண்டியதில்லை. எனவே பகலில் படித்த மாடியிலேயே இரவில் தங்கவும் ஏற்பாடாயிற்று. பள்ளி முடிந்தால் பூட்டிக் கிடக்கும் கட்டடம் இரவில் ஒரு வீடாயிற்று.

வியாழக்கிழமைப் பயணம்

தெரு மட்டுமல்ல, கிராமமும் அந்த டைம்டேபிளில் இருந்தது. சியால்டா ரயில் நிலையம் தென் வங்காளக் கிராமங்களுக்கு வாசல். வியாழக்கிழமைதோறும் ஏறக்குறைய 150 மாணவிகள் நகரத்துக்கு வெளியே உள்ள கிராமப் பள்ளிகளுக்குப் போய், அங்கே நெரிசலான வகுப்புகளில் உள்ள குழந்தைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து விளையாட்டோடு பாடம் சொல்லித் தந்தார்கள். நகரத்துப் பெண்ணுக்கு அதுவும் ஒரு படிப்புதான். ஒரே ஆசிரியர் நான்கு வகுப்பைச் சமாளிப்பதை அவள் புத்தகத்தில் படிக்கவில்லை, நேரில் பார்த்தாள்.

அடுத்து வந்தது 'பேர்ஃபுட் டீச்சர்' பயிற்சி. சீனாவில் கிராமத்து இளைஞர்களுக்கு அடிப்படை மருத்துவம் கற்றுக் கொடுத்து 'வெறுங்கால் டாக்டர்' ஆக்கியதைக் கேள்விப்பட்டிருப்போம். அதைப் போல, அதிகம் படிக்காத கிராமத்து, சேரி இளைஞர்களைத் தங்கள் ஊரிலேயே பாடம் நடத்தத் தயார் செய்யும் பயிற்சி இது. பட்டம் இல்லை என்பது தடையல்ல. கிடைத்ததை வைத்துக் கற்பிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கானோர் இப்படிப் பயிற்சி பெற்றார்கள். கொல்கத்தாவைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளில், ஒவ்வொரு பருவமும் வெளி மாநிலத்திலிருந்து வரும் கூலிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் பாடம் போய்ச் சேர்ந்தது.

எல்லாவற்றிலும் சங்கடமான வேலை ஒன்று உண்டு. வீட்டு வேலை செய்யும் சிறுமிகளைத் தேடுவது. தெருப் பிள்ளை கண்ணுக்குத் தெரிவாள். அடுத்த வீட்டுச் சமையலறையில் பாத்திரம் தேய்ப்பவள் தெரிய மாட்டாள். அவளைக் கண்டுபிடிக்க லொரேட்டோ மாணவிகளே அக்கம்பக்கத்தில் தேடினார்கள், பேச்சுக் கொடுத்துத் தோழிகளாக்கிக் கொண்டார்கள். யோசித்துப் பாருங்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் 'வீட்டு வேலைக்காரச் சிறுமிகள் எங்கே இருக்கிறார்கள்?' என்று கேட்டால், அவள் முதலில் பார்க்கக்கூடிய சமையலறை எது? கட்டணம் கட்டும் பெற்றோருக்கு இதைவிடக் கடினமான வீட்டுப்பாடம் இருக்க முடியாது.

தரம் கெட்டதா?

எந்தப் பெற்றோருக்கும் எழும் கேள்வி இது: என் மகளின் படிப்பு நேரத்தை எடுத்து வேறொரு குழந்தைக்குத் தந்தால், என் மகளுக்கு என்ன ஆகும்?

ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தவருக்குப் பதில் தெரியும். பின்னத்தை ஒன்பது வயதுச் சிறுமிக்குப் புரிய வைக்க, பின்னம் நமக்கு முதலில் புரிந்திருக்க வேண்டும். கடன் வாங்கிக் கழித்தலில் அவள் ஏன் தடுக்கி விழுகிறாள் என்று கண்டுபிடிப்பது, பரீட்சையில் பத்துக் கணக்குப் போடுவதைவிடப் பெரிய படிப்பு. பொறுமையும் கூடவே வந்து சேரும்.

உலகமும் கவனித்தது. 1994-ல் யுனெஸ்கோ எழுத்தறிவுப் பணிக்கான நோமா விருதை இந்த முயற்சிக்கு வழங்கியது. 1998-ல் பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சித் துறைக்காக வெளியான ஓர் ஆய்வு சியால்டா பள்ளியைச் சிறந்த நடைமுறைக்கு முன்மாதிரி என்றே விவரித்தது. 2007-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது.

பெரிய கேள்வி வேறொன்று. இது ஒரு மனுஷியின் பிடிவாதத்தால் மட்டும் ஓடிய வண்டியா? அந்த மனுஷி போனால் நின்றுவிடுமா? கேள்வியில் நியாயம் உண்டு. ஒரு துறவற சபையின் கட்டடமும், கேள்வி கேட்காமல் நம்பிய நன்கொடையாளர்களும் எல்லாப் பள்ளிக்கும் கிடைப்பதில்லை. ஆனால் ரெயின்போ மற்ற லொரேட்டோ பள்ளிகளுக்கும் பரவியது. பிறகு கன்னியாஸ்திரிகளே இல்லாத இடங்களுக்கும் போனது. பயன்படாமல் கிடக்கும் அரசுப் பள்ளி அறைகளைத் தெருப் பிள்ளைகளின் இல்லமாக்கும் 'ரெயின்போ ஹோம்' முறை ஐதராபாத், டெல்லி, சென்னை போன்ற நகரங்களில் வேர் பிடித்தது. சிஸ்டர் 2011-ல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2023 ஜூன் 24-ல் கொல்கத்தாவில் தமது 86-வது வயதில் மறைந்தார். இருபது வயதில் விட்டு வந்த ஐரிஷ் கடற்கரைக்குக் குடிபோகத் திரும்பவே இல்லை.

மாட்டுங்காவில் ஒரு கெமிஸ்ட்

இப்போது மறுபடி மும்பைக்கு வருவோம். மாட்டுங்காவில் அன்று யு.டி.சி.டி. என்று அழைக்கப்பட்ட பல்கலைக்கழக ரசாயனத் தொழில்நுட்பத் துறையில் ஆசிரியராக இருந்தவர் மாதவ் சவான். அவரும் அறிவியல் ஆசிரியர்தான், வேதியியல் டாக்டர். 1990-களின் நடுவில் யுனிசெஃப், மும்பை மாநகராட்சி ஆகியவற்றின் ஒத்துழைப்புடன் 'பிரதம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவருடன் நின்ற ஃபரிதா லாம்பே, கத்தோலிக்கச் சகோதரிகள் 1955-ல் தொடங்கிய நிர்மலா நிகேதன் சமூகப்பணிக் கல்லூரியின் ஆசிரியை.

மும்பைச் சேரிகளில் அவர்கள் திறந்த பால்வாடிகளுக்குத் தனிக் கட்டடம் கிடையாது. வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், கிடைத்த அறை. ஆசிரியை, அதே தெருவில் பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண். பின்னர் மாநகராட்சிப் பள்ளிகளில் 'பால்சகி' என்ற பெயரில், மூன்றாம், நான்காம் வகுப்பு வந்தும் படிக்கத் தெரியாத குழந்தைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியே உட்கார வைத்து அடிப்படைப் பாடம் சொல்லித் தந்தார்கள் இப்படிப்பட்ட பெண்கள். மும்பையிலும் வதோதராவிலும் இதைச் சோதித்துப் பார்த்த பொருளாதார அறிஞர்கள், குழந்தைகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்ததை 2007-ல் வெளியிட்டார்கள். கடைசி வரிசைக் குழந்தைகளுக்கே பலன் அதிகம். அந்த அறிஞர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2019-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சியால்டாவில் ஒரு விலங்கியல் ஆசிரியையும் மாட்டுங்காவில் ஒரு வேதியியல் ஆசிரியரும் தனித்தனியே வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்: குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கினால், அதிகம் படிக்காதவரும் நல்ல ஆசிரியர் ஆகலாம். ஒரு வித்தியாசமும் உண்டு. பால்சகி போனது ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு. கட்டணப் பள்ளியின் கேட் அங்கே கேள்விக்கு உள்ளாகவில்லை. சிஸ்டர் சிரில் கை வைத்தது அந்தக் கேட்டில்தான்.

சட்டம் தட்டும் கதவு

அந்தக் கேட்டை இப்போது சட்டமும் தட்டுகிறது. 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழை, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். உச்ச நீதிமன்றம் 2012-ல் அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கும், 2014-ல் எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் இதிலிருந்து விலக்கு அளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த 2014 தீர்ப்பு சரிதானா என்று சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வு பரிசீலிக்க வேண்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியது.

இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். சட்டம் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லப்பட்ட வகைப் பள்ளிகளில் ஒன்றுதான் சியால்டா லொரேட்டோ. சட்டம் பிறப்பதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, சட்டம் கேட்டதைப் போல இரண்டு மடங்கை அது தானாகச் செய்திருந்தது.

மகாராஷ்டிரத்தில் கதை வேறு. அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் தனியார் பள்ளி 25 சதவீதம் தர வேண்டியதில்லை என்று மாநில அரசு 2024 பிப்ரவரியில் விதியைத் திருத்தியது. மும்பை போன்ற நெருக்கமான நகரத்தில் அதன் பொருள் என்ன? எந்தப் பள்ளிக்கும் ஒரு கிலோமீட்டருக்குள் ஏதாவது ஒரு மாநகராட்சிப் பள்ளி இருக்கவே செய்யும். மும்பை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. இடம் தப்பியது. ஆனால் இடத்தோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. சட்டம் ஒரு குழந்தையைக் கேட்டுக்குள் கொண்டுவந்து விடும். பக்கத்து பெஞ்சுக் குழந்தை திரும்பிப் பேச வேண்டும் என்று எந்தச் சட்டமும் உத்தரவிட முடியாது. வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாத பிள்ளைக்கு முதல் ஆண்டில் யார் கை கொடுப்பது என்பதையும் அது சொல்வதில்லை.

தாராவி இப்போது மறுசீரமைப்பின் வாசலில் நிற்கிறது. குடிசைகள் அடுக்குமாடிகளாகும், யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்ற சண்டை நடக்கிறது. பிள்ளைகள் எங்கே, யாரோடு படிப்பார்கள் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போகிறது.

அதற்கு மாட்டுங்காவும் செம்பூரும் மறுசீரமைப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ் பேசும் பத்தாம் வகுப்பு மாணவி அங்கேயும் இருக்கிறாள். தமிழ் மட்டும் தெரிந்த, கழித்தலில் தடுக்கி விழும் சிறுமி அரை மணி நடை தூரத்தில் இருக்கிறாள். இருவரையும் எதிரெதிரே உட்கார வைக்கக் கோடி ரூபாய் வேண்டாம், புதுச் சட்டம் வேண்டாம், துறவியாகவும் வேண்டாம். காலியாகக் கிடக்கும் ஓர் அறை வேண்டும். டைம்டேபிளில் வாரம் இரண்டு பீரியட் வேண்டும். அந்த இரண்டு பீரியடை ஒதுக்கத் துணியும் ஒரு தலைமை ஆசிரியர் வேண்டும்.